மேடாகிப் போன பங்களா

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். மயிலாப்பூர்க் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திக் கேட்டாலும், சாந்தோம் கோயில் பீடத்தின் முன்னால் முழங்காலில் நிறுத்திக் கேட்டாலும் இதே கதைதான் வரும். கூட்டிச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் நம்பமாட்டார்கள் என்று இரண்டொரு இடத்தில் குறைத்துச் சொல்லியிருப்பது ஒன்றுதான் குற்றம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் விழுகிற இடத்துக்குச் சற்று இப்பால், குல்லா மேடு என்று ஒரு மணல் மேடு இருந்தது. நாற்பத்திரண்டு அடி உயரம். உச்சி தட்டை, பக்கமெல்லாம் சரிவு. குளிக்கப் போனவர் யாரோ கரையில் கழற்றி வைத்து மறந்துவிட்ட குல்லா மாதிரி இருக்கும். மேலே ஏறி நின்றால் கிழக்கே கடல், தெற்கே ஆறு, மேற்கே பரங்கிமலை, வடக்கே சாந்தோம் கோபுரம். பரங்கிமலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதையும் கடலிலிருந்து சந்திரன் ஏறுவதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பௌர்ணமிக்கு மறுநாள் சாந்தோமில் பாதிப் பேருக்குக் கழுத்து வலி இருக்கும்.

அந்த உச்சியில் தினமும் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வந்து உட்காருகிறவர் ஆம்ப்ரோஸ். தேனாம்பேட்டையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்த கழிமுக வட்டார நகர அமைப்பு அலுவலகத்தில் அவர் டிராப்ட்ஸ்மேன். நிலத்தைப் படமாக வரைவது வேலை. முப்பது வருஷமாகப் பட்டணத்தைக் காக்கை பார்க்கிற மாதிரி ஆகாயத்திலிருந்து வரைந்து தள்ளியவர், நிஜமாகவே மேலேயிருந்து பார்த்தது இந்த நாற்பத்திரண்டு அடியிலிருந்து மட்டும்தான். தான் வரைந்ததெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கே உட்கார்ந்து சரிபார்ப்பார். ஆறு அவர் போட்ட கோட்டிலேயே ஓடும். ரோடு அவர் வளைத்த இடத்தில் வளையும். அதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கும் என்பது அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் இருபத்தைந்து வருஷமாகக் கவனித்துவந்த விஷயம்.

பக்கத்தில் மெஹபூப் பாஷா உட்கார்ந்திருப்பார். ராயப்பேட்டையில் குடை ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர். மழை மாதம் போக மற்ற மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தொழில் என்பதால், அதை வசதியான இடத்திலிருந்து செய்யலாமே என்று மேட்டுக்கு வந்துவிடுவார்.

ஒரு நாள் சாயங்காலம் மேட்டின் அடிவாரத்தில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் மாம்பலம் கன்னையா நாயுடு. தியாகராய நகரில் பாதித் தெருக்களில் அவர் கட்டிய வீடுகள் உண்டு. மேட்டையும், வண்டிப் பாதைக்கு அந்தப் பக்கம் மேற்கே இருந்த சமநிலத்தையும் சேர்த்து வாங்கியிருந்தார். மேற்கு நிலத்தில் தனக்கென்று ஒரு பங்களா எழுப்பி, கிருகப்பிரவேசமும் முடித்திருந்தார். ஏறினால் மூச்சு வாங்கும் என்று மேட்டில் அவர் கால் வைத்ததே இல்லை. கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

“இன்னா ஆம்ப்ரோஸ் சாரு, நல்லா காத்து வாங்கிக்கோ. அடுத்த வருசம் நீ குந்திக்கினு கீற எடத்துல எவனாவது கக்கூஸ் கட்டிக்கினு இருப்பான்.”

“நாப்பது அடி ஒசரத்துலயா நாயுடு?” என்றார் மெஹபூப் பாஷா. “ஏறிப் போறதுக்குள்ள வேலை முடிஞ்சிடுமே.”

“ஒசரம் எங்க பாய் இருக்கப்போவுது? குல்லாவ எடுத்தா கீழ வழுக்கத் தலை. தலை மேல எண்பது மனை. மணலைக் கழியில கொட்டிட்டா அதுலயும் ஒரு இருபது மனை.”

கார் போய்விட்டது. அன்றைக்கு ஆம்ப்ரோஸுக்குச் சோறு இறங்கவில்லை.

ஃப்ளோரன்ஸ் கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். கணவர் தட்டை நகர்த்தி வைத்ததைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். அவள் அங்கலாய்க்கவில்லை.

“உங்க ஆபீஸ்ல சட்டம்னு ஒரு புஸ்தகம் இருக்குதே. அதைத் தூசி தட்டறதோட சரியா, தெறந்து பாக்கறதும் உண்டா?”

மறுநாள் ஆம்ப்ரோஸ் தட்டாமல் திறந்தார். நகர அமைப்புச் சட்டம் என்பது வீதிக்கும் சாக்கடைக்கும் மட்டும்தான் என்று அவர் அதுவரை நினைத்திருந்தார். வட்டாரத் திட்டம் போடுகிறபோது இயற்கை எழில் உள்ள இடங்களைக் காப்பாற்றவும் வழி உண்டு என்று அதில் ஒரு மூலையில் எழுதியிருந்தது. கழிமுக வட்டாரத்துக்கு அப்போதுதான் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. காப்பாற்ற வேண்டிய இடத்துக்குப் படத்தில் பச்சை வர்ணம், வீடு கட்டும் மனைக்குச் சிவப்பு. வர்ணம் பூசுகிற கை ஆம்ப்ரோஸுடையது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பச்சை நிலத்துக்கு விதிகள் எழுதினார்கள். மேட்டின் உருவத்தை யாரும் மாற்றக் கூடாது. ஒரு கூடை சேர்க்கவும் கூடாது, ஒரு கூடை எடுக்கவும் கூடாது. அதில் முளைப்பதைப் பிடுங்கக் கூடாது, அடைவதை விரட்டக் கூடாது. சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை பொதுஜனங்கள் எந்தப் பக்கமிருந்தும் ஏறி உச்சியில் அமர்ந்து காற்று வாங்கலாம். அவர்களைத் தடுக்கச் சுவரோ கதவோ கூடாது. ஃப்ளோரன்ஸ் கொஞ்ச நேரம் யோசித்து, “ராத்திரியில சீட்டாட வருவாங்க,” என்று சொல்லி, அஸ்தமனத்துக்குப் பின் சொந்தக்காரர் உட்பட யாரும் மேட்டின் மேல் தங்கக் கூடாது என்றும் சேர்த்தாள்.

விதிகள் அதிகாரியிடம் போயின. அதிகாரி கஸ்தூரிரங்கன், மயிலாப்பூர் வடக்கு மாடவீதிக்காரர். காலியாக ஒரு கட்டம் இருந்தால் அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட மாட்டார். நேரில் பார்க்க வேண்டும் என்று, குடையும் தூக்குமாக மேட்டுக்கு வந்துசேர்ந்தார்.

“இயற்கை எழில்னு எழுதியிருக்கேள். சரி. எவ்வளவு?”

“எவ்வளவுன்னா, சார்?”

“உயரத்துக்கு அடி இருக்கு. பரப்புக்கு ஏக்கர் இருக்கு. எழிலுக்கு என்ன போடறது? கட்டத்தைச் சும்மா விட முடியாதோன்னோ.”

கஸ்தூரிரங்கன் குடையை விரித்து மணலில் நட்டு, அதன் நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். கடற்காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தலை தொங்கிற்று. சர்க்கார் வேலையில் சேர்ந்த நாள் முதல் பகலில் கண் மூடாதவர், அப்படியே தூங்கிப்போனார். எழுந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பாரத்தை எடுத்து, எழில் என்ற கட்டத்தில் ‘இருபது நிமிஷம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இனி வர்ணம் பூச வேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது.

அந்தக் காலத்தில் படம் வரைவது மெழுகுப் பூச்சுள்ள ஒரு வகை மெல்லிய துணியில். கோடுகளைத் துணியின் முன்பக்கத்தில் மையால் போடுவார்கள். முன்பக்கம் வர்ணம் பூசினால் மை கலைந்துவிடும் என்பதால், துணியைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் பூசுவார்கள். பின்பக்கம் பூசினது முன்னால் தெரியும். திருப்பினால் இடது வலதாகும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆம்ப்ரோஸ் முப்பது வருஷத்தில் ஒரு தடவை கூடத் தவறியதில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வண்டிப் பாதைக்கு இரண்டு பக்கமும் இருந்த நிலங்களோ ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி ஒரே உருவம், ஒவ்வொன்றும் பதினோரு ஏக்கர். மேடு வலது பக்கம் என்று எத்தனையோ சாயங்காலமாகப் பழகிய கை, துணி திரும்பிக் கிடப்பதைக் கவனிக்காமல், பச்சையை எடுத்துக்கொண்டு வலது பக்கமே போயிற்று. சிவப்பு இடது பக்கம் போயிற்று.

படத்தில் நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நாலு பேரும் கையெழுத்துப் போடுகிற மூலையை மட்டும் பார்த்தார்கள். ஆட்சேபணைக்கு அறுபது நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு வந்தது. நாயுடுவின் ஆள் வந்து பார்த்துவிட்டு, மேடு சிவப்பு என்று போய்ச் சொன்னான். நாயுடு மகிழ்ந்துபோய் வாயைத் திறக்கவில்லை. அறுபது நாளும் கழிந்து, திட்டம் கெஜட்டில் வெளியாகிச் சட்டமும் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் ஆம்ப்ரோஸ் கெஜட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். நாயுடுவின் கார் ஏற்கெனவே கீழே நின்றுகொண்டிருந்தது.

“ரொம்ப தேங்க்ஸ் நைனா,” என்றார் நாயுடு. “உன் கையாலயே செவப்பு அடிச்சிக் குட்த்துட்ட. வெட்றதுக்கு அனுமதி கேட்டு இன்னிக்கிதான் எழுதிப் போட்டேன். முப்பது நாள்ல வந்துடும். முப்பத்தோராம் நாளு வண்டி வரும்.”

ஆம்ப்ரோஸ் படத்தை விரித்தார். பார்த்தார். துணியைத் திருப்புகிற மாதிரி கையை ஒரு தடவை காற்றில் திருப்பினார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கஸ்தூரிரங்கனின் மேஜைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வேலை போனாலும் பரவாயில்லை, மேடு இருந்தால் போதும் என்றும் சொன்னார்.

“இதோ பாரும் மிஸ்டர் ஆம்ப்ரோஸ்,” என்றார் கஸ்தூரிரங்கன். “கெஜட்ல வந்த படம் தப்பா இருக்க முடியாது. பூமி வேணா தப்பா இருக்கலாம்.”

“பூமி எப்படி சார் தப்பா இருக்கும்?”

“எனக்கென்ன தெரியும்? பூமியை நானா வரைஞ்சேன்? படம் தப்புன்னு நிலத்துச் சொந்தக்காரர் எழுதிக் குடுத்தா எடுத்துண்டு பரிசீலிக்கலாம். நீர் சொந்தக்காரரா?”

“இல்ல சார்.”

“அப்போ உமக்கு எந்தத் தப்பும் தெரியாது. போய் வேலையைப் பாரும்.”

சொந்தக்காரர் நாயுடு. நாயுடுவாவது, தன் எண்பது மனையைத் தானே வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பதாவது. ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு வந்து கெஜட்டை மேஜையில் போட்டார். மெஹபூப் பாஷா துக்கம் விசாரிக்க வந்திருந்தார். ஃப்ளோரன்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள், பரீட்சைத் தாளைப் பார்க்கிற மாதிரி.

“மேட்டு மேல செவப்பு. அது தெரியுது. அப்ப பச்சை எங்க?”

“அந்தப் பக்கம்,” என்றார் ஆம்ப்ரோஸ் விட்டத்தைப் பார்த்தபடி. “நாயுடு பங்களா இருக்கற நிலத்துல.”

“அந்த நிலத்துல ஒசரமா என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. கட்டாந்தரை. பங்களா ஒண்ணுதான்.”

மெஹபூப் பாஷா டம்ளரைக் கீழே வைத்தார். “அப்டின்னா வாத்தியாரே, சட்டப்படி பங்களாதான் மேடு.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃப்ளோரன்ஸ் எழுந்து போய், தாங்கள் எழுதிய விதிகளின் நகலை எடுத்துவந்து முதல் விதியிலிருந்து சத்தமாகப் படித்தாள். கடைசி விதி வரும்போது ஆம்ப்ரோஸ் மூன்றாம் தடவையாகச் சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலரைக்கு ஃப்ளோரன்ஸ் தன் வகுப்புப் பெண்கள் முப்பத்தெட்டுப் பேரை இரண்டிரண்டாக நிறுத்தி, பங்களா வாசலுக்கு அழைத்துவந்தாள். நாயுடு ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார்.

“இன்னாம்மா இது, ஊர்வலமா?”

“பூகோள வகுப்புங்க. மேடு பள்ளம்னு பாடம். பிள்ளைங்களா, இதுதான் மேடு. பார்த்து ஏறுங்க.”

முப்பத்தெட்டுப் பெண்களும் கூடத்தின் வழியாக மாடிக்கும், மாடியிலிருந்து மொட்டை மாடிக்கும் ஏறினார்கள். நாயுடு விதி என்றால் என்ன, வீடு என்றால் என்ன என்று கத்தினார். ஃப்ளோரன்ஸ் கெஜட்டைக் காட்டினாள். நாயுடுவின் சம்சாரம் நல்ல மனுஷி. குழந்தைகளாயிற்றே என்று முதல் நாள் அத்தனை பேருக்கும் மோர் கொடுத்தாள்.

மோர் செய்தி பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை சாந்தோமிலிருந்து அறுபது பேர் வந்தார்கள். புதன்கிழமை மெஹபூப் பாஷா ராயப்பேட்டையிலிருந்து தன் சொந்தபந்தங்களோடு வந்தார். சுண்டல்காரர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து மாடிப்படியில் கடை வைத்தார். யாரோ பட்டம் விட்டார்கள். அந்தப் பட்டம் தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததும், அதை எடுக்க இன்னும் நாலு பேர் ஏறினார்கள். கூடத்தில் மாட்டியிருந்த நாயுடுவின் படத்தைக் காட்டி, “இது யாரு?” என்று கேட்ட ஒரு கிழவருக்கு, “இங்க மின்னே குடியிருந்தவரு,” என்று மெஹபூப் பாஷா பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, படத்திலிருந்தவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“எத்தனை நாளு பாய் வருவீங்க?” என்றார் நாயுடு. “நானும் பாக்கறேன். முப்பது நாளு. அப்புறம் நீங்க மூக்கால அழுவீங்க.”

நாயுடு சாமானியமாக விழுகிற ஆள் இல்லை. முப்பது நாள் பல்லைக் கடித்திருப்பார். கஸ்தூரிரங்கன் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

கெஜட்டில் வந்த பச்சை நிலத்தை மாதம் ஒரு முறை அதிகாரி பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. அதை எழுதியது ஆம்ப்ரோஸ் இல்லை, சட்டத்திலேயே இருந்தது. கஸ்தூரிரங்கன் வந்தார். பின்னால் ஆம்ப்ரோஸ் அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பங்களாவை அளந்தார்கள். அதிகாரியின் முகம் இருண்டது.

“மேட்டோட உயரம் நாப்பத்திரண்டு அடின்னு பதிவு. இப்போ முப்பத்தோரு அடிதான் இருக்கு. பதினோரு அடி எங்கே?”

“எந்தப் பதினோரு அடி?” என்றார் நாயுடு.

“அதைத்தான் நானும் கேக்கறேன். மண்ணை வெட்டி எடுத்திருக்கேள்.”

“இது வூடு சாமி. செங்கல்லு. நான் கட்னது.”

“மேட்டுல ஜன்னல் வேற இருக்கு,” என்று கஸ்தூரிரங்கன் எழுதிக்கொண்டார். “பதினாறு. மேட்டின் இயற்கையான சரிவு காணப்படவில்லை. நாலு பக்கமும் செங்குத்தாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாசல்ல கதவு. அதைக் கழட்டிடுங்கோ.” பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தார். கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. நாயுடுவின் வேலைக்காரர் அதைப் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார். “அதுல கை வெச்சா கேஸ்,” என்றார் கஸ்தூரிரங்கன். கன்று ஒன்றாவது ஒழுங்காக இருப்பதில் அவருக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

புறப்படும்போது அவர் திரும்பிப் பார்த்து, “அஸ்தமனம் ஆறு இருபத்தெட்டுக்கு. அதுக்கு மேல இங்க யாரும் இருக்கப்படாது. சொந்தக்காரர் உட்பட,” என்றார்.

அன்று முதல் கன்னையா நாயுடு, புதுப் பங்களாவின் சொந்தக்காரர், தினமும் சாயங்காலம் ஆறு இருபத்தெட்டுக்குப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மாம்பலத்துக்குப் போனார். மூன்றாம் நாள் அவர் சம்சாரம் திரும்பி வரவில்லை. மேட்டில் குடித்தனம் பண்ண என்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். கதவு கழற்றிய வாசல் வழியாக இரண்டு ஆடுகள் வந்து, ஈசிச்சேருக்குப் பக்கத்தில் அடைந்தன. அடைவதை விரட்டக் கூடாது.

வெட்ட அனுமதி கேட்டு எழுதிய இருபத்தோராம் நாள் நாயுடு தேனாம்பேட்டைக்கு வந்து மனு கொடுத்தார். படம் தப்பு, பச்சை தன் பங்களாவுக்குரியது அல்ல, தன் பங்களாவில் இயற்கை எழில் என்று எதுவுமே கிடையாது என்று எழுதியிருந்தார்.

“எழில் இல்லேன்னு சாட்சி வேணும்,” என்றார் கஸ்தூரிரங்கன்.

விசாரணைக்கு நாயுடு தன் மேஸ்திரியை அழைத்துவந்தார். பவுல்சாமி என்று பெயர். நாயுடுவின் வீடுகளில் பாதிக்கு மேல் அவர் கட்டியது. அந்த வீடு அழகாக இல்லை என்று சொல்லும்படி அவரைக் கேட்டபோது, அவருக்கு முகம் சிவந்துபோயிற்று.

“நான் கட்னத நானே அசிங்கம்னு சொல்லணுமா? அந்த முன் தூணு ரெண்டையும் பாத்தீங்களா சாரு? சுண்ணாம்பை ஆறு மாசம் ஊறவெச்சுப் பூசினது. கண்ணாடி மாரி கீது.”

“பவுலு, சும்மா சொல்லுய்யா,” என்று நாயுடு கெஞ்சினார்.

“பைபிள் மேல கைய வெச்சிட்டேன். பொய் வராது மொதலாளி. அழகுதான்.”

அடுத்து ஃப்ளோரன்ஸ் முப்பத்தெட்டு நோட்டுப் புத்தகங்களை மேஜையில் அடுக்கினாள். ‘நான் ஏறிய மேடு’ என்று பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள். கஸ்தூரிரங்கன் ஒன்று விடாமல் படித்தார். முப்பத்தேழு பேர் மேடு மிக அழகு என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், மேட்டில் மோர் புளிப்பாக இருந்தது என்று எழுதியிருந்தாள்.

நாயுடு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சாமி, நான் இன்னாதான் பண்ணணும்? சொல்லிடுங்க.”

“பச்சையை அழிக்க முடியாது. வட்டாரத் திட்டத்துல பதினோரு ஏக்கர் பச்சைன்னா பதினோரு ஏக்கர் இருந்தாகணும். ஒரு இடத்தை விட்டுக் கெளம்பினா இன்னொரு இடத்துல உக்காரணும். எங்க உக்காத்தறதுன்னு நீங்களே சொல்லுங்கோ. ஆனா அந்த இடம் அழகுன்னு நிரூபிக்கணும். சொந்தக்காரர் வாயால.”

பதினோரு ஏக்கரில் நாயுடுவிடம் இருந்த இன்னொரு நிலம் எது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நாயுடு ஆம்ப்ரோஸைப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

“அந்த மேடு நல்லாதான் கீது,” என்றார் நாயுடு, பல்லைப் பிடுங்குகிற மாதிரி.

“நல்லான்னா? மேலேறிப் பார்த்திருக்கேளா?”

“இல்ல சாமி.”

“பார்த்துட்டு வெள்ளிக்கிழமை வாங்கோ.”

வியாழக்கிழமை சாயங்காலம் ஆம்ப்ரோஸ் முன்னால் ஏற, நாயுடு பின்னால் ஏறினார். நாயுடுவின் கனத்துக்கு மணல் உள்வாங்கிற்று. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கிற்று. மெஹபூப் பாஷா பின்னாலிருந்து, ரிப்பேருக்கு வந்த ஒரு குடையின் பிடியால் அவரை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். வரைந்த படத்தை யாரிடமும் காட்டிப் பாராட்டு எதிர்பார்த்தவர் இல்லை ஆம்ப்ரோஸ். இந்த மனுஷனுக்கு மட்டும் இது பிடித்துவிட வேண்டுமே என்று இருந்தது. பிடிக்காவிட்டால் நாளைக்கு வாயில் ஏதாவது பொய் வரும், கஸ்தூரிரங்கன் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் ஒரு வாரம்தான் பாக்கி.

உச்சியில் நாயுடு தொப்பென்று உட்கார்ந்தார். மூச்சு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. சூரியன் பரங்கிமலையின் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு மொத்தமும் செம்பு நிறமாகி, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி மணல்திட்டைச் சுற்றிவந்தது. கட்டுமரங்கள் கரையேறின.

“இது எதுவும் கீழ தெரியலையே,” என்றார் நாயுடு.

“கீழ தெரியாதுங்க,” என்றார் ஆம்ப்ரோஸ்.

“அது இன்னா நைனா, வெள்ளையா, தலை மேல பொட்டி வெச்ச மாரி?”

“அது உங்க பங்களா.”

நாயுடு கையை நெற்றியில் வைத்து உற்றுப் பார்த்தார். “தண்ணித் தொட்டி அங்க வெச்சிருக்கக் கூடாது,” என்றார் வெகுநேரம் கழித்து. “அந்தப் பவுலு அழகுன்னு சத்தியம் பண்ணான் பாரு.”

சூரியன் மறைந்தது. ஆம்ப்ரோஸ் பழக்கத்தில் எழுந்தார். நாயுடு அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

“எங்க போற? இது இன்னும் செவப்புதான. செவப்புல எவ்ளோ நேரம் வேணும்னாலும் குந்தலாம்.”

வெள்ளிக்கிழமை நாயுடு கஸ்தூரிரங்கன் முன்னால் நின்று அரை மணி நேரம் பேசினார். செம்பு என்றார், பட்டு என்றார், பேத்தி கன்னம் என்றார். தெலுங்கில் கொஞ்சம் பேசினார். அது புரியாவிட்டாலும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கஸ்தூரிரங்கன் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், ‘அரை மணி’ என்று எழுதினார்.

வர்ணம் மாற்றுகிற வேலை ஆம்ப்ரோஸிடமே வந்தது. ஃப்ளோரன்ஸ் துணியின் முன்பக்க வலது மூலையில் ஒரு சிவப்பு நூலால் தையல் போட்டுக் கொடுத்தாள். ஆம்ப்ரோஸ் அதை ஏழு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, பச்சையில் தூரிகையைத் தோய்த்தார். திருத்தம் வெளியானபோது, வெட்டுவதற்கான அனுமதி வர இரண்டு நாள் பாக்கி இருந்தது. அது வந்து, பச்சை நிலத்தில் செல்லாது என்று அப்படியே திரும்பிப் போயிற்று.

அடுத்த வாரம் ஆம்ப்ரோஸ் ஐந்தே முக்காலுக்கு மேட்டில் ஏறியபோது, அவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில் கன்னையா நாயுடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெஹபூப் பாஷா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“நாயுடு, அது நான் உக்கார்ற இடம்.”

“பேரு எழுதிக் கீதா? பொதுஜனங்கள் எங்க வேணும்னாலும் குந்தலாம்னு நீதான எழுதின. நகுரு நைனா, வெளிச்சத்த மறைக்கிற.”

ஆம்ப்ரோஸ் மூன்று அடி தள்ளி, வடக்குப் பக்கமாக உட்கார்ந்தார். அங்கேயிருந்து பார்த்தால் சாந்தோம் ரோடு, அவர் வரைந்ததைவிடச் சற்றுக் கூடுதலாக வளைகிற மாதிரி இருந்தது. நாளைக்குச் சொல்லி ரோட்டைத் திருத்திவிட வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு நன்றாகவே இறங்கிற்று.

அந்த வருஷம் வர்ண மைக்குப் பெரிய தட்டுப்பாடு. கழிமுக வட்டாரத் திட்டத்தின் படம் கெஜட்டில் வந்தது வெறும் கறுப்பு மையில்தான். அதில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை; இதுவும் சத்தியம்.